ஒரு ஆம்ப் வாங்கிக் கொடுத்த கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த விஷயம் இது. எழுத ஆரம்பிக்கிறது, வெட்கம் வர்றது, மூடி வச்சுடுறது. போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் இனிமே எழுதிடலாம்னு தோணிடுச்சு.

அண்ணன்னா கூடப் பிறந்தவர் இல்லை. செங்கல்பட்டுல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், திருக்கழுக்குன்றத்துல சித்திரைத் திருவிழான்னா குழாய் ஸ்பீக்கர்... இப்படித்தான் இருபது வருஷமா ஓட்டிட்டிருந்தார். நான் பொறியியல் படிச்ச காலத்துல பேஸ் கிடார் கத்துக்கிட்டு, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நாலு கம்பியைத் தட்டிக்கிட்டிருந்தேன். செட்டு எல்லாம் அவர்கிட்ட இருந்துதான் வரும். அந்தப் பழக்கம்.

பேஸ் கிடார்னா என்னன்னு நம்ம மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராஜா பாட்டைப் பத்தி யார் எழுதினாலும் மூணாவது பாராவுல பேஸ் வந்துடும். சசிதரன் வாசிச்சதை எல்லாம் தனியா ஹெட்ஃபோன்ல பிரிச்சுக் கேக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. ரஹ்மான் பக்கம் வந்தா கீத் பீட்டர்ஸ். ஆனா அந்த கிடாரைச் சொருகற பெட்டியைப் பத்தி யாரும் பேசறதில்லை. நான் பேசினேன். அதிகமாவே பேசினேன். அதான் வினை.

2022 ஆரம்பத்துல கொரோனா ஓய்ஞ்சு, கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகள்ல கல்யாணம் மறுபடி களை கட்ட ஆரம்பிச்ச நேரம். மாமல்லபுரத்துக்கு முன்னயும் பின்னயும் எத்தனை ரிசார்ட்னு எண்ணி முடியாது. கோவளத்துல 2013ல அலைச்சறுக்கோட சேர்த்து இசைத் திருவிழான்னு ஒண்ணு ஆரம்பிச்சதுல இருந்தே கடலோரத்துல மேடை போட்டு பேண்ட் வாசிக்கறது அந்தப் பக்கம் புதுசு இல்லை. கல்யாண ரிசப்ஷனுக்கும் மெல்லிசைக் குழு போய் பேண்ட் வந்துடுச்சு. பேண்ட் வந்தா கூடவே ஒரு பேப்பர் வரும். ரைடர்னு பேரு. டிரம்ஸ் இன்ன மாதிரி, கிடார் ஆம்ப் இன்ன மாதிரி, பேஸ் ஆம்ப் முந்நூறு வாட்டுக்குக் குறையாம, ஆம்பெக் அல்லது அதற்கு இணையானது. அண்ணன்கிட்ட அது கிடையாது. ஒவ்வொரு தடவையும் சென்னையில இருந்து வாடகைக்கு எடுத்து, வண்டி வாடகையும் கொடுத்து, கையில நிக்கறது ஒண்ணும் இல்லை.

"தம்பி, நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா? நீதான் இதெல்லாம் படிக்கிறவன். எது நல்லதுன்னு சொல்லு"ன்னார்.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! மஹிந்திரா சிட்டியில பகல் முழுக்க ஆணி புடுங்கறவனுக்கு, ராத்திரி உக்காந்து அடுத்தவர் காசுல உயர்தர ஆம்ப் பொறுக்கற வேலை. எக்செல்லைத் திறந்தேன். பதினோரு ஆம்ப். அஞ்சு கட்டம். டோனுக்கு 40 மார்க், பவருக்கு 20, எடைக்கு 20, விலைக்கு 10, பிராண்டுக்கு 10. ஆக மொத்தம் நூறு. கலர் எல்லாம் போட்டேன்.

இந்தச் சந்தையைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், அப்பதான் என் முட்டாள்தனத்தோட அளவு புரியும்.

லியோ ஃபெண்டர் 1951ல பிரிசிஷன் பேஸ் கொண்டு வந்தார். அதைக் கேக்க வைக்க ஒரு ஆம்ப் வேணும்னு அடுத்த வருஷமே பேஸ்மேன். அந்த பேஸ்மேனோட ஒரு பிந்தைய மாடலைப் பார்த்துதான் 1962ல ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பை உருவாக்கினார். ஆக பேஸுக்குன்னு பிறந்த சர்க்யூட் கடைசியில லீட் கிடார்காரங்க சொத்தாப் போச்சு. பேஸ்காரங்களுக்குக் கிடைச்ச சாமி 1969ல வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. பதினாலு வால்வ், 300 வாட். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்துல அதைக் கொண்டு போனாங்க. தலை மட்டுமே 38 கிலோ. கூட வர்ற பாக்ஸ்ல பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு. அது 60 கிலோவுக்கு மேல. வாசிக்கறவங்க அதைச் செல்லமா ஃப்ரிட்ஜுன்னுதான் சொல்லுவாங்க, பார்த்தா நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியேதான் நிக்கும்.

இந்த நூறு கிலோவை யாரு தூக்கறது? அந்தக் கேள்விக்குப் பதிலா வந்ததுதான் கிளாஸ் டி ஆம்ப். டிரான்சிஸ்டரை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன்-ஆஃப் பண்ணி, கடைசியில வடிகட்டி சத்தமா மாத்தறது. சூடு கம்மி, அதனால வெப்பம் உறிஞ்சற அலுமினியக் கட்டி சின்னது. கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலா நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற மாதிரி ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. 500 வாட் ஆம்ப் ரெண்டு கிலோவுக்குள்ள அடங்கிடுச்சு. ஸ்பீக்கர்லயும் பழைய கனத்த காந்தத்துக்குப் பதிலா நியோடிமியம். இத்தாலி மார்க்பேஸ், நியூயார்க் அகுய்லார், ஃபின்லாந்து டார்க்கிளாஸ்னு இந்தப் பக்கம் ஒரு பெரிய உயர்தரச் சந்தையே உருவாயிடுச்சு. ஆம்பெக்கும் இப்ப சின்னப் பெட்டி விக்குது (அந்தக் கம்பெனியையே 2018ல யமஹா வாங்கிடுச்சு, அது வேற கதை).

என் எக்செல்ல ஜெயிச்சது இந்த வகையில ஒண்ணு. பேர் வேணாம். அது மேல தப்பே இல்லைங்கறது கதை முடியறப்ப உங்களுக்கே தெரியும். ரெண்டு கிலோ தலை, 500 வாட், பத்து இன்ச் ரெண்டு ரெண்டா ரெண்டு குட்டி பாக்ஸ். அண்ணன் விலையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசலை. ஒரு நல்ல பைக் வாங்கற காசு. "நீ சொன்னா சரிதான் தம்பி"ன்னார். அண்ணியோட செயின் அடகுக் கடைக்குப் போன விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்த 40 மார்க் டோனுக்கு நான் எப்படிப் போட்டேன்? பாதி யூடியூப், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு. மீதி, சென்னையில ஒரு கடையில கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து பத்துப் பத்து நிமிஷம் தட்டினது. கடைக்காரர் சத்தம் கம்மியா வைங்கன்னு சொல்லிட்டே இருந்தார். இங்கதான் முதல் பிசகு. 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் பெல் ஆய்வகத்துல அளந்து சொல்லிட்டாங்க: சத்தம் கம்மியா இருக்கறப்ப நம்ம காதுக்கு அடி ஸ்தாயி சரியா விழாது. அதனால கம்மிச் சத்தத்துல எந்த ஆம்ப் அடியையும் உச்சியையும் தூக்கி, நடுவைக் குழி பண்ணித் தருதோ அதுதான் கடையில அழகாத் தெரியும். அதையே மேடைச் சத்தத்துக்கு ஏத்தினா அடி குழம்பிடும். நடு இல்லாததால டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல பேஸ் காணாமலே போயிடும். இன்னொண்ணு, ரெண்டு ஆம்பை மாத்தி மாத்திக் கேக்கறப்ப ஒண்ணு லேசா சத்தமா இருந்தாப் போதும், அதோட டோன்தான் நல்லாருக்குன்னு காது சொல்லிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். காலேஜ்ல இதைப் பத்திப் பாடமே எடுத்திருக்கேன் ஜூனியர் பசங்களுக்கு. கிடாரைக் கையில வாங்கினா எல்லாம் மறந்துடுது.

பவர் கட்டமும் அப்படித்தான். 300 வாட்டை விட 500 பெருசுன்னு மார்க் போட்டேன். கணக்குப் போட்டா வித்தியாசம் 2.2 டெசிபல். ரெண்டு மடங்கு சத்தமாக் கேக்கணும்னா ஏறக்குறைய பத்து டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு வாட். நிஜமான வித்தியாசம் பாக்ஸ்ல இருக்கு. ஹாஃப்மனோட இரும்பு விதின்னு ஒண்ணு சொல்லுவாங்க: பெட்டி சின்னதா இருக்கணும், அடி ஆழமா வரணும், கொஞ்ச வாட்ல நிறைய சத்தம் வரணும். மூணுல ரெண்டுதான் கிடைக்கும். நான் தேர்ந்தெடுத்தது சின்னப் பெட்டி, ஆழமான அடி. மூணாவதைக் கொடுத்தாச்சு. அந்த ஃப்ரிட்ஜ் இருக்கே, அது பெட்டி பெருசு, சத்தம் நிறைய. உண்மையில அடி அவ்வளவு ஆழம் இறங்காது. தடிச்ச ஈ கம்பியோட அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதை அந்தப் பெட்டி முழு பலத்தோட தராது. ஆனா அதுக்கு மேல இருக்கற 82, 123ஐ எல்லாம் நெஞ்சுல அடிக்கற மாதிரி தரும். மிச்சத்தை நம்ம மூளையே கற்பனை பண்ணிக்கும்.

முதல் கச்சேரி மாமல்லபுரம் தாண்டி ஒரு ரிசார்ட் புல்வெளியில. நானும் லீவு போட்டுட்டுப் போனேன், என்னவோ என் குழந்தைக்கு அரங்கேற்றம் மாதிரி. பெங்களூர் பேண்ட். பேஸ் வாசிக்கிற பையன் மேடை ஏறினான். பெட்டியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணா, ஆம்பெக் வரலையா?"

நான் குறுக்க பூந்து இது அதை விட உசத்தி, உலகத்துல யார் யார் வாசிக்கறாங்க தெரியுமான்னு ஆரம்பிச்சேன். அவன் மரியாதையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். ஒரு சுரம் வாசிச்சுக்கூடப் பார்க்கறதுக்கு முன்னாடியே அவன் முகம் முடிவு பண்ணிடுச்சு.

அப்புறம் வாசிச்சான். சத்தம் காணோம். ரூம்ல, ஹால்ல எல்லாம் சுவரும் மூலையும் பேஸுக்குக் கை கொடுக்கும். அந்த ஈ கம்பி எழுப்பற அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல. திறந்த வெளியில முட்டித் திரும்பறதுக்கு ஒண்ணும் இல்லை, நேரா வங்காள விரிகுடாவுக்குப் போயிடும். தூரம் ரெண்டு மடங்கானா ஆறு டெசிபல் காலி. அவன் ஏத்தினான். ஏத்த ஏத்த ஆம்ப்ல இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் அமுக்கிச்சு. அதுக்குள்ள மிக்ஸர்ல உக்காந்திருந்தவர் மைக்ல சொன்னார்: "பேஸ், ஸ்டேஜ் வால்யூம் குறைங்க. எனக்கு டி.ஐ. வந்தாச்சு."

இந்த ஒரு வரியிலதான் என் எக்செல் மொத்தமா செத்துச்சு. டி.ஐ.ன்னா கிடார்ல இருந்து வர்ற சிக்னலை ஆம்போட டோன் பகுதிக்கு முன்னாடியே பிரிச்சு நேரா மிக்ஸருக்குக் கொண்டு போறது. புல்வெளியில உக்காந்து பன்னீர் டிக்கா சாப்பிட்டுக்கிட்டிருந்த முந்நூறு பேரும் கேட்டது அதைத்தான். நான் 40 மார்க் கொடுத்த டோனை அன்னிக்குக் கேட்ட ஒரே ஆள் அந்தப் பையன். அவனுக்கும் அது பிடிக்கலை. இது ஒண்ணும் புது விஷயமும் இல்லை. மோட்டவுன்ல ஜேம்ஸ் ஜேமர்சன் 1960கள்ல கிடாரை நேரா கன்சோல்ல சொருகித்தான் அத்தனை பாட்டும் வாசிச்சார். நம்ம ஊர் மெல்லிசை மேடையில பேஸ்காரர் காலடியில ஆம்பே இருக்காது, ஒரு மானிட்டர்தான் இருக்கும். நான் அதையெல்லாம் ஏழ்மைன்னு நினைச்சுட்டிருந்தேன்.

அப்ப ரைடர்ல எதுக்கு ஆம்பெக்னு கேக்கறாங்க? வாசிக்கறவனுக்குத் தைரியம். முதுகுக்குப் பின்னாடி ஒரு சுவர் நிக்கணும், கால் சட்டை ஆடணும். வாரம் ஒரு ஊர்ல, முன்னப்பின்ன தெரியாத மேடையில ஏறறவனுக்குப் பார்த்த உடனே எந்த திருகு எங்க இருக்குன்னு தெரியணும். அதுக்கு மேல, மேடையைப் பார்க்கறப்ப பெருசாத் தெரியணும். இதெல்லாத்துக்கும் சேர்த்து நான் போட்டது பிராண்டுக்குப் பத்து மார்க். வீட்ல தனியா வாசிக்கற என்னை மாதிரி ஆளுக்கான பரிட்சையை வச்சு, வாடகைக்கு விடற மனுஷனுக்கு மார்க் போட்டிருக்கேன். உயர்தர ஆம்ப்னா அதை வாங்கற சந்தை ஒண்ணு இல்லை, ரெண்டு.

அண்ணன் அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை. வழியில பூஞ்சேரிக் கூட்டு ரோட்ல டீ வாங்கிக் கொடுத்தார். "தூக்கறதுக்கு ஈஸியா இருக்கு தம்பி, பசங்க சந்தோஷமா இருக்கானுங்க"ன்னார். அது எனக்கு இன்னும் மோசமா இருந்துச்சு.

அடுத்து உப்பு. கடற்கரைக் கோயில்ல உப்புக் காத்து அரிச்சு அரிச்சு, தொல்லியல் துறை சவுக்கு மரம் நட்டு, அலைக்குத் தடுப்புக் கல் போட்டு, காகிதக் கூழைக் கல் மேல அப்பி உப்பை உறிஞ்சி எடுத்துக்கிட்டிருக்காங்க. ராஜசிம்மப் பல்லவன் கட்டின கருங்கல்லுக்கே அந்தக் கதி. நான் வாங்கிக் கொடுத்தது ஃபேன் வச்ச ஆம்ப். அந்தக் காத்தை அதுவே உள்ள இழுத்துக்கும். ஆடி மாசத்துக்குள்ள ஜாக் ஓட்டையில பச்சை பூத்துடுச்சு. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கமாத்தான் கரையைக் கடந்துச்சு. மறுநாள் நடக்க இருந்த ரிசப்ஷன் ரத்து. முந்தின நாளே கொண்டு போய் வச்ச செட்டு ஒரு தகரக் கொட்டாயில நாலு நாள் கிடந்துச்சு. பழைய செட்டு எல்லாத்தையும் வெயில்ல காய வச்சு, துடைச்சு, ரெண்டு கண்டென்சரை மாத்தினதும் ஓடிடுச்சு. இது ஓடலை.

ரிச்சி ஸ்ட்ரீட் கூட்டிட்டுப் போனோம். பெரிய பெரிய ஆம்ப்ளியை எல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் சரி பண்ற பெரியவர். மூடியைக் கழட்டிப் பார்த்தார், கடுகு கடுகா சில்லுங்க, எல்லாம் ஒரே போர்டு. மறுபடி மூடிட்டார். "தம்பி, இதுல நான் கை வைக்க இடமே இல்லை. போர்டே மாத்தணும், வெளிநாட்ல இருந்து வரணும்"னார். எக்செல்ல ரிப்பேர்னு ஒரு கட்டமே இல்லைங்கறதை இனிமே நான் தனியா சொல்லணுமா?

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனப்ப அண்ணி காபி கொடுத்துட்டு, "தம்பி, அந்தப் பொட்டி சரியாயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும் இருந்துச்சு. அப்பதான் கேட்டேன். அப்பதான் தெரிஞ்சுது. அன்னிக்கு வடை தொண்டையில இறங்கலை.

செத்த ஆம்பையும் ரெண்டு பாக்ஸையும் நானே வாங்கிக்கறேன்னேன். அண்ணன் ஒத்துக்கவே இல்லை. "வியாபாரம் பண்றவன் நான், முடிவு பண்ணினது நான். நீ யாரு காசு கொடுக்க?"ன்னு கோவம் கூட வந்துடுச்சு. மூணு வாரம் பேச்சு வார்த்தை. கடைசியில, எனக்கு நிஜமாவே வீட்ல வாசிக்க ஒரு ஆம்ப் வேணும்னு சொன்னேன். பொய்யும் இல்லை. அடகுல மீதி இருந்த தொகைக்கு முடிஞ்சுது. வாங்கின விலையில பாதிக்கும் கீழ. மீதி நஷ்டம் அவரோடதுதான், அதை நான் எப்படிச் சுத்தி வளைச்சாலும்.

அவர் அதுக்கப்புறம் என்கிட்ட கேக்காமலே ஒரு காரியம் பண்ணினார். ரிசார்ட்டுக்கு வர்ற பேண்ட் பசங்க நாலஞ்சு பேருக்கு ஃபோன் போட்டு, உனக்கு என்னடா வேணும்னு கேட்டார். சென்னையில வாடகை செட்டு வச்சிருந்த ஒருத்தர்கிட்ட பழைய ஆம்பெக் ஃப்ரிட்ஜும், வால்வ் இல்லாத கனத்த தலை ஒண்ணும் செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சார். மூலையெல்லாம் கிழிஞ்சு, முன்னாடி துணி நைஞ்சு கிடந்துச்சு. குட்டி யானையில ஏத்த நாலு பேர் வேணும். சக்கரம் மணல்ல புதைஞ்சுடும், அதுக்குப் பலகை போட்டு உருட்டணும். பசங்க என்னைப் பார்த்தா "உங்களுதே பரவால்லண்ணே, இடுப்பு போச்சு"ங்கறானுங்க. ஆனா மாசத்துக்கு அஞ்சாறு தேதி வெளிய போகுது. மேடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் அது பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கறான். செயின் திரும்பி வந்தாச்சு.

என் கதைக்கு வர்றேன். வெளிநாட்டுப் போர்டு நாலு மாசம் கழிச்சு வந்து சேர்ந்துச்சு. ஆம்ப் இப்ப எங்க ஹால்ல, டிவி பக்கத்துல. வால்யூம் திருகு ஒன்பது மணி தாண்டினா மாடி வீட்டு அக்கா இறங்கி வந்துடுவாங்க. அந்தச் சத்தத்துலயும், நாலு சுவருக்குள்ள, அது வாசிக்கற அழகு... மார்க் போட்டது தப்பில்லை மக்களே. 40க்கு 38.

போன வாரம் அண்ணன் வந்தப்ப வாசிச்சுக் காட்டினேன். சோபாவுல சாஞ்சு, கண்ணை மூடி, ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டார். அப்புறம் எழுந்து வந்து ஆம்பை ஒத்தைக் கையில தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. வீட்டுக்குள்ள."

செருப்பு மாட்டறப்ப திரும்பினார். "மழைக்கு முன்னாடி கீபோர்டுக்கு ஒரு மானிட்டர் வாங்கணும். அந்த எக்செல்ல உப்புக்கு ஒரு கட்டம் போட்டியா?"